குழலின் விலையும் குண்டின் விலையும்

திருக்குறளின் இறைமாட்சி என்னும் அதிகாரம் வேந்தனுடைய பொருட்டொழிலை நான்காகப் பிரித்துக் காட்டுகின்றது. அவற்றுள் முதல் மூன்றும் பொருளைப் பெறுதலும் பேணுதலும் பற்றியவை. இறுதியானது அதனை உரிய துறைகளுக்குப் பகுத்தளித்தலைப் பற்றியது. முன்னைய மூன்றும் முயற்சியாலும் காவலாலும் முடியக்கூடும். நான்காவதோ அறிவும் பொறுமையும் நேர்மையும் ஒருங்கு கூடினாலன்றி முடியாது. இக்காலத்தில் வரவு செலவுத் திட்டம் என நாம் வழங்குவது இந்நான்காம் தொழிலையே. அதனுள்ளும் படைக்கலங்களுக்குப் பொருள் ஒதுக்கும் பகுதி, மக்களுடைய பணம் பெருந்தொகையாகச் செல்வதும், அம்மக்களால் மிகச் சிறிதே ஆராயப்படுவதுமாய் இருக்கின்றது.

படைச் செலவைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விமானங்களையும் கப்பல்களையுமே எடுத்துப் பேசுவர். அவற்றின் விலை பல்லாயிரம் கோடியாக எழுதப்படுவதால் கேட்போருக்கு மலைப்புத் தோன்றுமேயன்றித் தெளிவு தோன்றாது. ஆதலின் யாம் இக்கட்டுரையில் மிக எளியதோர் ஆயுதத்தை எடுத்துக்கொண்டோம். அது மார்ட்டர் எனப்படும் குறும்பீரங்கி. மோட்டார் வண்டிக்கும் இதற்கும் பெயரளவில் உள்ள ஒப்புமையன்றி வேறு தொடர்பில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பராகலின், இச்சிறு கருவியின் கணக்கை நன்கறிந்தவன் பெருங்கருவிகளின் கணக்கையும் வினவத் தெரிந்தவனாவான்.

மார்ட்டரின் அமைப்பைப் பள்ளிச் சிறுவனும் விளங்கிக்கொள்ளலாம். ஒரு முனை அடைக்கப்பட்ட எஃகுக் குழல் ஒன்று. பின்னுதைக்கும் விசையைத் தரையில் இறக்குதற்கு அடித்தட்டு ஒன்று. குழலை வேண்டிய சாய்வில் நிறுத்துதற்கு இருகால் தாங்கி ஒன்று. குறிபார்த்தற்குரிய கருவி ஒன்று. இவ்வளவே அதன் உறுப்புக்கள். வாற்புறத்தில் சிறகுகளையுடைய குண்டைக் குழலின் வாய்வழியே நழுவவிட்டால், அது தன் பாரத்தாலேயே கீழிறங்கி அடியிலுள்ள முளையில் மோதும். மோதியவுடன் வாலிலுள்ள மருந்து தீப்பற்றிக் குண்டை வெளியே எறியும். அக்குண்டு வானோக்கி எழுந்து செங்குத்தாக விழுமாகலின், மதிலுக்குப் பின்னும், மலைச்சரிவுக்கு அப்பாலும், பதுங்குகுழிக்குள்ளும் இருப்போரைச் சென்று தாக்கும். 60, 81 மில்லிமீட்டர் வாயகலமுள்ள மார்ட்டர்களைக் காலாட்படையினர் பிரித்துத் தோளிற் சுமந்து செல்வர். 120 மில்லிமீட்டர் மார்ட்டரை வண்டியில் ஏற்றியோ வண்டியின் பின் பூட்டியோ கொண்டுசெல்வர்.

இனி அதன் கணக்கைப் பார்ப்போம். 81 மில்லிமீட்டர் மார்ட்டர் தன் உறுப்புக்கள் எல்லாவற்றோடும் ஏறத்தாழ 40 கிலோகிராம் நிறையுடையது. அதன் குண்டு ஒன்றின் நிறை ஏறத்தாழ 4 கிலோகிராம். நிமிடத்திற்கு 15 குண்டு வீதம் 10 நிமிடம் சுட்டால் 150 குண்டுகள் செலவாகும். அவற்றின் நிறை 600 கிலோகிராம். அஃதாவது, இக்கருவி தன் நிறையைப்போல் 15 மடங்கு பொருளைப் பத்தே நிமிடங்களில் உண்டுவிடுகின்றது. குழலோ பல்லாண்டு உழைப்பது. குண்டோ ஒருமுறை எறிந்தால் மீளாதது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழி இவ்வாயுதத்திற்கென்றே பிறந்ததுபோலும்!

எனவே மார்ட்டரை வாங்குதல் என்பது ஒரு பொருளை வாங்குதலன்று. நான்கு பொருள்களை வாங்குதலாகும். ஒன்று, குழல். இரண்டு, அதற்கு வேண்டிய குண்டு. மூன்று, இலக்கின் தூரத்தையும் காற்றின் போக்கையும் மருந்தின் அளவையும் கொண்டு குழலின் சாய்வைத் தேர்ந்து சொல்லும் கணிப்பு. நான்கு, இவற்றையெல்லாம் பிழையின்றிச் செய்யப் பழகிய கை. இந்நான்கனுள் ஒன்று குறைந்தாலும் ஏனைய மூன்றுக்கும் கொடுத்த பணம் வீணேயாம். ஆயினும் உலகத்து நாடுகள் பலவற்றின் வரவு செலவுத் திட்டங்களில் இந்நான்கும் ஒரே ஏட்டில் ஒருங்கே எழுதப்படுவதில்லை. ஐக்கிய அமெரிக்க நாடுகளில் ஆயுதம் வாங்குதற்கு ஒரு தலைப்பு, குண்டு வாங்குதற்கு வேறொரு தலைப்பு, ஆராய்ச்சிக்கு மற்றொரு தலைப்பு, பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் இன்னுமொரு தலைப்பு எனப் பணம் பிரிந்து நிற்கின்றது. நம் இந்திய நாட்டிலும் புதிய ஆயுதம் வாங்குவது மூலதனச் செலவென்றும், குண்டும் உதிரி உறுப்புக்களும் வாங்குவது வருவாய்ச் செலவென்றும் வேறு வேறாக எழுதப்படுகின்றன. கணக்கெழுதுவோர்க்கு இப்பிரிவினை வேண்டுவதாகலாம். ஆயின் வாக்களிக்கும் உறுப்பினரோ குழலின் விலையை ஓரிடத்திற் கண்டு மகிழ்ந்து, குண்டின் விலையை வேறிடத்திற் காணாமலே போகின்றனர். இப்பிரிவினையால் விளையும் கேடே யாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது.

இவ்வாயுதம் இன்றைய வடிவில் தோன்றிய வரலாறே இதற்கு முதற்சான்று. 1914-ஆம் ஆண்டு மூண்ட பெரும்போரில் இங்கிலாந்தின் படைகள் பிரான்சு நாட்டில் பதுங்குகுழிகளில் அமர்ந்திருந்தன. ஜெர்மானியரிடம் குழிக்குள் குண்டெறியும் நல்ல கருவிகள் இருந்தன. ஆங்கிலேயரிடம் இருந்தவை சிலவும் சீரற்றவையுமேயாம். இப்ஸ்விச் நகரத்தில் பாரந்தூக்கிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையின் தலைவராயிருந்த வில்பிரெட் ஸ்டோக்ஸ் என்னும் இஞ்சினீயர், 1915-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மேற்கூறிய எளிய அமைப்பை வகுத்தார். போர் இலாகா அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அதனை மறுத்துவிட்டது. மறுப்புக்குக் கூறிய காரணம் நம் கருத்துக்கு உரியது: கையிருப்பிலிருந்த பழைய மார்ட்டர்க் குண்டுகள் புதிய குழலுக்குப் பொருந்தமாட்டா என்பதே அது. குழலைக் குண்டினின்றும் பிரித்தெண்ணலாகாது என்பதை அதிகாரிகள் அறிந்திருந்தனர். ஆனால் அவ்வறிவைக் கொண்டு புதிய குண்டுக்குப் பொருள் தேடுவதை விட்டு, பழைய குண்டின் பொருட்டுப் புதிய குழலைத் தள்ளினர்.

அப்போது புதிதாக அமைந்த போர்த்தளவாட மந்திரி பதவியை ஏற்றிருந்தவர் லாயிட் ஜார்ஜ். அவர் ஸ்டோக்ஸின் கருவியைக் கண்டு அதன் பயனை உணர்ந்தார். ஆனால் படையினர் வேண்டாமென்ற பொருளுக்குப் பொக்கிஷத்திலிருந்து பணம் பெறுதல் எளிதன்று. இந்திய மகாராஜா ஒருவர் போருக்கு உதவியாக அளித்திருந்த பணத்தைக் கொண்டே முதன்முதல் அக்கருவிகள் செய்யப்பட்டன. நம் நாட்டு மன்னர் ஒருவரின் கொடை இங்கிலாந்தின் வரவு செலவு முறை தடுத்துவைத்ததொரு வாயிலைத் திறந்ததென்பது நினைக்கத்தக்கது. பின்னர் அக்கருவி ஆயிரக்கணக்கில் பெருகிற்று. ஸ்டோக்ஸ் 1917-ஆம் ஆண்டில் ஸர் பட்டம் பெற்றார். நன்மையே விளைந்ததாயினும், ஒரு நாட்டின் படைக்கு இன்றியமையாததொரு கருவி, திட்டத்தால் அன்றி ஒருவருடைய கொடையால் பிழைத்ததென்றால், அத்திட்டத்தின் குறையை அதுவே பறைசாற்றும். 1915-ஆம் ஆண்டு மே மாதத்திலேயே, போதிய பீரங்கிக் குண்டுகள் இன்மையால் தாக்குதல் தோற்றதென்ற செய்தி லண்டன் டைம்ஸ் பத்திரிகையில் வெளிவந்து, ஆட்சியையே அசைத்து, எல்லாக் கட்சியினரும் சேர்ந்த மந்திரிசபை அமையக் காரணமாயிற்று என்பதும் ஈண்டு ஒருங்குவைத்து எண்ணத்தக்கது.

போருக்குப்பின் பிரெஞ்சு நாட்டினராகிய எட்கர் பிராண்ட் என்பவர் ஸ்டோக்ஸின் கருவியைத் திருத்தினார். அவர் செய்த பெரிய மாற்றம் குழலில் அன்று, குண்டிலேயே. ஸ்டோக்ஸின் குண்டு உருளைபோன்றது. வானத்தில் தலைகீழாகப் புரண்டு செல்வது. பிராண்டின் குண்டோ நீர்த்துளி வடிவும் வாற்சிறகும் உடையது. ஆதலின் நெடுந்தூரம் நேரே சென்றது. 81 மில்லிமீட்டர் என்னும் அளவு உலகெங்கும் வழங்கத் தொடங்கியது அதன் பின்னரே. இங்கிலாந்து 1960-களில் எல் 16 என்னும் புதிய 81 மில்லிமீட்டர் மார்ட்டரைச் செய்துகொண்டது. பெருஞ்செல்வமுடைய அமெரிக்கா, தானே புதிதாக வகுக்க வேண்டுமென்று வீம்பு கொள்ளாது, 1980-களில் அந்த ஆங்கிலக் கருவியையே சிறு மாற்றங்களோடு ஏற்றுக்கொண்டது. ஸ்டோக்ஸ் காலத்துக்கும் இக்காலத்துக்கும் இடையே நூறாண்டுக்கு மேற் சென்றும் குழலின் அடிப்படை மாறவில்லை; மாறியவை குண்டும் கணிப்புமேயாம். புதுமை செய்யப் பணம் ஒதுக்குவோர் எவ்விடத்திற் செலவிட வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான குறிப்பு வேண்டுவதில்லை.

இனி, புதுமை வேட்கை அளவு கடந்தால் நிகழ்வது யாதென்பதற்கு ஸ்வீடன் நாட்டின் வரலாற்றைக் காண்போம். அந்நாட்டுப் படையிடம் இருந்த 120 மில்லிமீட்டர் மார்ட்டர், அண்டை நாடாகிய பின்லாந்தில் வகுக்கப்பட்டு, 1941 என்னும் ஆண்டைத் தன் பெயரிலேயே தாங்கியது. அதற்கு மாற்றாக ஸ்வீடனும் பின்லாந்தும் கூடி 1990-களில் ஆமோஸ் என்னும் அமைப்பை வகுக்கத் தொடங்கின. கவசவண்டியின்மேல் சுழலும் மாடம். அதில் இரட்டைக் குழல்கள். வாய்வழியன்றிப் பின்வழியே குண்டு புகுத்தும் பொறி. வெவ்வேறு சாய்வில் அடுத்தடுத்துச் சுட்ட பல குண்டுகளும் ஒரே கணத்தில் இலக்கில் வந்து விழுமாறு செய்யும் கணிப்புக் கருவி. இவையெல்லாம் கூடிய அற்புதமான படைப்பு அது. ஸ்வீடன் அதற்கென 40 கவசவண்டிகளின் உடல்களையும் செய்துவைத்தது. பின்னர், 2000-களின் இறுதியில், சிக்கனம் வேண்டுமென்று அரசாங்கம் அத்திட்டத்தைக் கைவிட்டது. வண்டியுடல்கள் கொட்டிலில் கிடந்தன. படைவீரர் பழைய மார்ட்டரையே இழுத்துத் திரிந்தனர்.

2016-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாடு தன் எண்ணத்தைச் சுருக்கிக்கொண்டு, அதே 40 வண்டியுடல்களின்மேல் மியோல்நிர் என்னும் எளிய அமைப்பைப் பொருத்துதற்கு 57.5 கோடி குரோனாவுக்கு ஒப்பந்தம் செய்தது. வண்டியுடல் முன்னரே இருந்தமையால், ஓர் அமைப்புக்கு ஏறத்தாழ 1.44 கோடி குரோனா வீழ்ந்தது. இதிலும் இரட்டைக் குழல் உண்டு. ஆனால் குண்டு ஸ்டோக்ஸின் காலத்ததுபோல் வாய்வழியே இறங்குவது. வீரர் கையாலேயே அதனை எடுத்து வைப்பர். 2019-ஆம் ஆண்டில் முதல் வண்டிகள் படையை அடைந்தன. பின்லாந்தோ தன் ஆமோஸ் திட்டத்தை 18 அமைப்புகளாகச் சிறுக வைத்துக்கொண்டு இறுதிவரை நடத்தி முடித்தது. இவ்விரு நாடுகளுள் எது நன்று செய்தது? எம் கருத்தில் இரண்டுமே இறுதியில் நன்று செய்தன. ஒன்று எளியதை மிகுதியாகவும், மற்றது அரியதைச் சிறிதாகவும் பெற்றன. தீது யாதெனின், ஸ்வீடன் அரியதையே மிகுதியாக விரும்பி, அதற்குரிய பொருளை முற்றும் எண்ணாது தொடங்கி, இடையிற் பத்தாண்டுகளை இழந்ததுதான். பணம் மீண்டும் வரும். அப்பத்தாண்டுகளில் போர் வந்திருப்பின், அதற்கு விலை கொடுத்திருப்போர் நிதி மந்திரிகள் அல்லர்.

அமெரிக்கக் கடற்படைக் காலாட்களாகிய மெரீன் படையினரும் இத்தகையதொரு பாடத்தைக் கற்றனர். ஆஸ்பிரே என்னும், சுழலிகள் சாயும் விமானத்தின் வயிற்றுக்குள் அடங்கக்கூடிய மார்ட்டரும் அதனை இழுக்கும் வண்டியும் வேண்டுமென்று 2004-ஆம் ஆண்டில் ஒப்பந்தம் செய்தனர். மார்ட்டர் பிரெஞ்சு நாட்டினரது வகுப்பு. அது முன்னரே செவ்வனே பழகியது. ஆனால் விமானத்தின் குறுகிய வயிற்றுக்கேற்ப வண்டியைச் சிறுக்க வேண்டியிருந்தமையால், வண்டியின் விலை ஏறிற்று, காலம் நீண்டது, முழு அமைப்பின் விலையும் சில ஆண்டுகளில் இருமடங்கை நெருங்கிற்று. அதனைப் படையினர் பெற்றுப் பத்தாண்டுகூட ஆகுமுன், 2017-ஆம் ஆண்டை அடுத்து அவ்வமைப்பையே விட்டொழிக்கத் துணிந்தனர். தொட்டிலுக்கு ஏற்பக் குழந்தையின் காலைக் குறைப்பாருண்டோ? ஊர்தியின் அளவை முதலில் வைத்து ஆயுதத்தைப் பின்னர் வகுத்தமையால் வந்த கேடு அது.

குழல், குண்டு, கணிப்பு என்னும் மூன்றும் நிரம்பியிருந்தும் நான்காவதாகிய கை பழகாதிருப்பின் நிகழ்வது மிகக் கொடியது. 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ஆம் தேதி, நெவாடா மாகாணத்து ஹாதார்ன் என்னுமிடத்தில், இரவுப் பயிற்சியின்போது 60 மில்லிமீட்டர் மார்ட்டர் ஒன்றில் ஏற்பட்ட வெடிப்பால் மெரீன் வீரர் எழுவர் மாண்டனர். முதற்குண்டு குழலை விட்டு நீங்குமுன் இரண்டாம் குண்டு இறக்கப்பட்டதென்றும், அப்பயிற்சிக்கு முன் செய்யவேண்டிய ஆயத்தப் பயிற்சிகள் போதிய அளவில் நடைபெறவில்லையென்றும் விசாரணையில் தெரியவந்தது. அவர்கள் உலகத்திலேயே மிகுந்த பொருள் செலவிடும் படையைச் சேர்ந்தவர்கள். கருவிக்குக் குறைவில்லை, குண்டுக்குக் குறைவில்லை. பயிற்சி என்னும் தலைப்பில் எழுதப்படும் செலவு கண்ணுக்குப் பொலிவாகத் தோன்றாது. எந்த மந்திரியும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்ளமாட்டார். சிக்கனம் என்றதும் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் அதுவே. யானை வாங்கினவன் அங்குசத்துக்கு அழுதால் யானை யாரை மிதிக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

நம் நாட்டின் நிலையை நோக்குவோம். இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவர் 2015-ஆம் ஆண்டில் பார்லிமெண்டின்முன் வைக்கப்பெற்ற அறிக்கையில், படையிடம் 40 நாட் கடும்போருக்குப் போதுமான குண்டிருப்பு இருக்கவேண்டுமென்பது விதியாயிருந்தும், 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குண்டு வகைகளுள் பாதியானவை 10 நாளுக்கும் போதாவென்று காட்டினார். 2017-ஆம் ஆண்டின் அறிக்கையில், முந்திய ஆண்டு செப்டம்பரில் ஆராய்ந்த 152 வகைகளுள் 61 வகைகள் அந்நிலையிலேயே இருந்தமை கூறப்பட்டது. குண்டு இருந்தும் அதனை வெடிக்கச் செய்யும் தூண்டி இன்மையாற் பயன்படாது கிடந்தவையும் உண்டு. இக்குறையைக் கண்டபின் அரசாங்கம் விரைந்து வாங்கும் அதிகாரத்தைப் படைத் தலைமைக்கு அளித்தது. 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் பழைய படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டு, குண்டு செய்தற்கென்றே ஒரு கம்பெனியும் அமைந்தது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால் குறை எவ்வாறு வந்தது? ஒரே நாளிலன்று, ஒரே மந்திரிசபையாலுமன்று. சம்பளமும் ஓய்வூதியமும் நிறுத்த இயலாதவை. புதிய ஆயுதம் பெருமை தருவது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட குண்டின் பகுதி ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்தது. கட்டெறும்பு தேய்ந்து சிற்றெறும்பானதைக் கண்டவர் இலர்.

இது நம் நாட்டுக்கே உரிய குறையுமன்று. ரஷ்யா 2022-ஆம் ஆண்டில் உக்ரேன்மேற் படையெடுத்தபின், செல்வமும் தொழில்வளமும் மிக்க ஐரோப்பிய நாடுகள் தம் குண்டறைகளைத் திறந்து பார்த்து நடுங்கின. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் 12 மாதங்களுக்குள் 10 லட்சம் பீரங்கிக் குண்டுகளை உக்ரேனுக்கு அளிப்பதாக உறுதி கூறிற்று. குறித்த காலத்தில் ஏறத்தாழப் பாதியே அளிக்க முடிந்தது. பணம் இருந்தது, ஆலையும் மருந்தும் பழகிய தொழிலாளரும் போதிய அளவில் இல்லை. குண்டு செய்யும் ஆலை கிணறு போன்றது; தாகம் எடுத்தபின் தோண்டத் தொடங்கினால் அன்று நீர் கிடையாது. 1915-ஆம் ஆண்டின் பாடம் 108 ஆண்டுகள் கழித்து மீண்டும் படிக்கப்பட்டது.

இஃது ஒருபுறமிருக்க, குண்டின் விலையில் அறமும் அடங்கியிருத்தலை மறத்தலாகாது. மார்ட்டர் குறிதவறும் இயல்புடையது. அமெரிக்கப் படையினர் வெளியிட்ட கணக்கின்படி, 120 மில்லிமீட்டர் மார்ட்டரை அதன் கடைத்தூரத்திற்குச் சுட்டால், குண்டுகளிற் பாதி இலக்கிலிருந்து 136 மீட்டருக்குள் விழும். ஏனைய பாதி அதற்கும் அப்பால் விழும். கணிப்புக் கருவிகளைச் சேர்த்தால் அவ்வளவு 76 மீட்டராகக் குறையும். விண்ணிலுள்ள துணைக்கோள்களால் வழிகாட்டப்படும் குண்டோ 10 மீட்டருக்குள் விழவேண்டுமென்று வகுக்கப்பட்டது. அதனை அவர்கள் 2011-ஆம் ஆண்டில் ஆப்கானிஸ்தானத்தில் முதலிற் பயன்படுத்தினர். இத்தகைய குண்டு சாதாரணக் குண்டைவிடப் பன்மடங்கு விலையுடையது. கணக்குப் பார்ப்போர், ஒன்றின் விலைக்குப் பலவற்றை வாங்கலாமே என்பர். 1994-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் தேதி சராயேவோ நகரத்து மார்க்கலே என்னும் கடைவீதியில் விழுந்த 120 மில்லிமீட்டர் மார்ட்டர்க் குண்டு ஒன்றே 68 உயிர்களைக் கொண்டதென்பதை அவர்கள் நினைவுகூர்தல் வேண்டும். அங்கே எறிந்தவர் நோக்கம் தீயது. நல்ல கருவி தீய நோக்கத்தைத் திருத்தாது. ஆயினும் நோக்கம் நல்லதாகிய ஓர் அரசு, வீடும் பள்ளியும் அடுத்துள்ள இடத்திற் சுட நேர்ந்தால், அதன் கையில் எக்குண்டு உள்ளதென்பதைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே தீர்மானித்துவிடுவது வரவு செலவுத் திட்டமேயாகும். அதனால் எண்களாகத் தோன்றும் அவ்வரிசைகளில் உயிர்களும் எழுதப்பட்டுள்ளன.

எம் கூற்றுக்கு எதிராக இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். படைக்கலச் செய்திகள் மறைவாக இருக்கவேண்டியவை. அவற்றைச் சந்தியில் வைத்துக் கணக்கிட்டால் பகைவர் அறிவர் என்பது ஒன்று. குண்டறையில் எத்தனை குண்டு உள்ளதென்பதை மறைத்தல் தகும், யாமும் உடன்படுகின்றோம். ஆனால் கணக்கின் வடிவத்தை மறைத்தற்கு ஏதுவில்லை. பார்லிமெண்டில் படைத்துறையை ஆராய்தற்கென 1993-ஆம் ஆண்டு முதல் நிலைக்குழு ஒன்று உண்டு. மறைவான செய்திகளை அக்குழுவினிடம் மறைவாகவே கூறலாம். பகைவருக்குத் தெரியலாகாதென்று சொல்லித் தம் மக்களுக்கே தெரியாமற்செய்த குறைகள், போர் வந்தவுடன் பகைவருக்கு முதலிலும் மக்களுக்குப் பின்னரும் தெரியவருவது உலக வழக்கு.

போரை வெறுக்கும் நல்லோர், கொலைக்கருவிகளின் கணக்கை நாம் ஏன் படிக்கவேண்டும், அதனை முற்றும் ஒழிப்பதன்றோ வேண்டுவது என்பர், இது மற்றொன்று. அவர்தம் உள்ளத்தை யாம் மதிக்கின்றோம். ஆனால் படைச்செலவு ஒழியும் நாள் வரும்வரை அது நடந்துகொண்டேயிருக்கும். நாம் பாராதிருத்தலால் அது குறையாது, பெருகும். வீணாகச் செலவான ஒவ்வொரு ரூபாயும் ஒரு பள்ளிக்கூடத்திற்கோ மருத்துவசாலைக்கோ செல்லக்கூடியதாயிருந்தது. ஆதலின் போரை விரும்பாதவனே இக்கணக்கை மிகுந்த கவனத்தோடு படித்தற்கு உரியவன்.

செய்யத்தக்கவை யாவை? எம் சிற்றறிவுக்கு எட்டியவற்றை மட்டும் கூறுவோம். முதலாவது, எந்த ஆயுதம் வாங்கப் பொருள் கேட்கப்படினும், அதன் வாழ்நாள் முழுமைக்கும் வேண்டிய குண்டு, கணிப்புக்கருவி, பயிற்சி, பழுதுபார்த்தல், குண்டைக் காத்துவைத்தல், காலங்கடந்த குண்டை அழித்தல் ஆகிய எல்லாவற்றின் செலவும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டு உறுப்பினர்முன் வைக்கப்படல் வேண்டும். குண்டைக் காத்தல் சிறு செலவன்று. 2016-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் மகாராஷ்டிரத்துப் புல்காவ்ன் குண்டுக்கிடங்கு தீப்பற்றி அதிகாரிகள் உள்ளிட்ட பலர் உயிரிழந்தமை அதனை உணர்த்தும். இரண்டாவது, குழலுக்குப் பணம் அளிக்கும் அதே ஆண்டில் குண்டுக்கும் பயிற்சிக்கும் பணம் அளிக்கப்படாவிடின் குழலை வாங்கலாகாது. மூன்றாவது, புதிய அமைப்பொன்றை வகுக்கும்போது சிலவற்றை முதலில் வாங்கிப் பழகிப் பார்த்து, பின்னரே பலவற்றுக்கு ஒப்பந்தம் செய்தல் வேண்டும். பிறர் செய்து தேர்ந்தது கிடைக்குமாயின் அதனை ஏற்பதில் இழிவில்லை. நான்காவது, தணிக்கைத் தலைவரின் அறிக்கையை ஆராயாமல் அடுத்த ஆண்டுக்குரிய மானியக் கோரிக்கைக்கு வாக்களித்தலாகாது. இந்நாளில் லோக்சபையில் காலம் போதாமையால் பல துறைகளின் கோரிக்கைகள் விவாதமின்றியே ஒருசேர நிறைவேற்றப்படுகின்றன. படைத்துறையின் கோரிக்கையும் அவ்வாறு நிறைவேறிய ஆண்டுகள் உள்ளன. பெருந்தொகைக்குச் சிறுபொழுதேனும் ஒதுக்கமாட்டாத சபை, தன் முதற்கடமையையே மறந்ததாகும்.

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் பெரிதாக வேண்டுவதில்லை. வினவும் பழக்கமே வேண்டும். சிக்கனம் வேறு, உலோபம் வேறு. பொருளின் முழு விலையையும் அறிந்து அளவாக வாங்குவது சிக்கனம். பாதி விலையை மட்டும் அறிந்து, மறுபாதியைத் தராது விடுவது உலோபம். முன்னது நாட்டைக் காக்கும். பின்னது காப்பதுபோல் தோன்றிக் கைவிடும்.

மாணவ நண்பர்காள்! உங்களுள் சிலர் நாளை கணக்காயராவீர், சிலர் இஞ்சினீயராவீர், சிலர் படையிற் சேர்வீர், ஒருவரிருவர் சட்டசபையிலும் அமர்வீர். ஏனையோர் அனைவீரும் வரி செலுத்துவீர். அரசாங்கம் புதியதோர் ஆயுதம் வாங்கியதென்று பத்திரிகையிற் படிக்கும்போது, அதன் நீளத்தையும் அது சுடும் தூரத்தையும் கண்டு வியப்பதோடு அமையாதீர்கள். அதற்குரிய குண்டு எங்கே, கணிப்பு எங்கே, பழகிய கை எங்கே என்று கேளுங்கள். எல்லையில், பனிபடர்ந்த மலைச்சரிவில், அடித்தட்டைத் தோளிற் சுமந்து ஏறும் இளைஞன் பெரும்பாலும் உங்கள் வயதினனே. அவன் குழலின் அருகே நின்று குண்டுக்காகக் கைநீட்டும்போது அது அவன் கையில் வந்து சேருமா என்பதைத் தீர்மானிப்பது, பல்லாண்டுகளுக்கு முன் தலைநகரத்தில் எழுதப்பட்ட ஒரு வரியே. அவ்வரியைப் படிக்கவும் வினவவும் வல்ல மக்களாதல் கற்றோர் கடன் என்பது எம் துணிபு.